உணர்ச்சி அட்டைப் பெட்டி வாங்கலாமா, படப்புத்தகமும் கொழுக்கட்டை மாவும் போதுமா?

மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கோபம், பயம், சந்தோஷம் எல்லாம் என்னவென்று சொல்லித்தரும் அட்டைப் பெட்டிகள் இப்போது ஆன்லைனிலும் பொம்மைக் கடைகளிலும் நிறையவே கிடைக்கின்றன. ஒரு பெட்டியைப் பிரித்தால் 20, 30 முக அட்டைகள், முள் சுழலும் ஒரு வட்டம், சுவரில் ஒட்ட ஒரு போஸ்டர், சிலவற்றில் ஸ்டிக்கர் தாளும் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர்தான் மாறுகிறது, உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றே. அதனால் எந்தப் பெட்டியின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. அந்த வகையை மொத்தமாக எடுத்து, படப்புத்தகத்தோடும் அடுக்களையில் பிள்ளைகள் செய்யும் மாவு முகங்களோடும் சேர்த்து நிறுத்திப் பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டி வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல படப்புத்தகம் இரண்டு, இடியாப்ப மாவு அரைக் கிலோ, கையில் பிடிக்கும் அளவில் ஒரு கண்ணாடி வாங்கலாம்.

பெட்டியின் பெரிய குறை, முகம் மட்டும் இருக்கிறது, நடந்தது என்ன என்பது இல்லை. நாலு வயதுப் பிள்ளையிடம் கண்ணீர் வடிக்கும் மஞ்சள் வட்டத்தைக் காட்டினால் "அழுவுது" என்று சொல்லும். அது சரிதான், ஆனால் அதற்குமேல் போக வழியில்லை. இந்த வயதில் தனி முகத்தைப் பார்த்து மனதைக் கண்டுபிடிப்பதைவிட, என்ன நடந்தது என்று கேட்டுக் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு எளிது. பலூன் பறந்து போய்விட்டது என்றால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். பலூன் இல்லாமல் முகத்தை மட்டும் நீட்டினால் ஊகம்தான். இந்த அட்டைகளில் பயத்தையும் ஆச்சரியத்தையும் பெரியவர்களே மாற்றிச் சொல்வதுண்டு.

இரண்டாவது, புருவம். பெட்டிகளில் வரும் முகங்கள் பெரும்பாலும் போனில் அனுப்பும் சிரிப்பு முகத்தின் தம்பி தங்கைகள். வாய் மேலே வளைந்தால் சந்தோஷம், கீழே வளைந்தால் சோகம், அவ்வளவுதான் வித்தியாசம். நிஜ முகத்தில் கோபத்தையும் சங்கடத்தையும் (இந்தப் பக்கத்துப் பேச்சில் வருத்தம்) பிரித்துக் காட்டுவது புருவம். கோபத்தில் புருவத்தின் உள்முனை மூக்கை நோக்கி இறங்கும், சங்கடத்தில் அதே உள்முனை மேலே ஏறும். வாயை மட்டும் பார்த்துப் பழகிய பிள்ளை, உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கும் அப்பாவை ஒன்றும் புரியாமல் பார்க்கும்.

சுழலும் முள்ளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "இன்னைக்கு எப்படி இருக்கே?" என்று கேட்டால் பிள்ளை முள்ளை ஒரு சுற்று சுற்றிவிடும். அது எங்கே நிற்கிறதோ அதுதான் பதில். விளையாட்டாக நல்லது, உணர்ச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அட்டைகளில் என்னென்ன உணர்ச்சி இருக்கிறது என்றும் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் வகுத்த 6 அடிப்படை முகபாவங்களை, அதாவது மகிழ்ச்சி, துக்கம், கோபம், பயம், வியப்பு, அருவருப்பு ஆகியவற்றை, வைத்துக்கொண்டு மீதியை இட்டு நிரப்பியிருப்பார்கள். பெருமிதம் பல பெட்டிகளில் கிடையாது. சட்டைப் பட்டனைத் தானே போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் மூன்று வயசுக்கு அதுதான் அன்றைய பெரிய உணர்ச்சி. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாட்டில் ஒன்றாகப் பெருமிதத்தை வைத்திருக்கிறது. இந்தப் பெட்டிகளை வடிவமைத்தவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை போலும்.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்யும் கன்னியாகுமரி மாவட்டம் இது. லேமினேட் செய்த அட்டையின் ஓரம் ஒரு மழைக்காலத்தில் வாய் பிளந்து, உள்ளே ஈரம் ஏறிக் கரும்புள்ளி விழும். கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம். ஓரத்தில் 3 மில்லிமீட்டராவது வெறும் பிளாஸ்டிக் விட்டு ஒட்டியிருந்தால்தான் தாங்கும். அட்டை விளிம்போடு சேர்த்து வெட்டியிருந்தால் தாங்காது.

இனி புத்தகத்துக்கு வருவோம். "உணர்ச்சிகளைப் பற்றிய புத்தகம்" என்று அட்டையிலேயே போட்டிருப்பதைத் தேடிப் போக வேண்டாம். அப்படிப்பட்ட பலவற்றில் பக்கத்துக்கு ஓர் உணர்ச்சி, கீழே ஒரு பெயர் என்று இருக்கும். புத்தக வடிவில் வந்த அதே அட்டைப் பெட்டிதான். சாதாரணக் கதைப் புத்தகம் போதும். கடையிலோ நூலகத்திலோ கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை சில உண்டு. முகம் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக வரும் பக்கம் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். புருவம் வரைந்திருக்க வேண்டும். முகம் மாறுவதற்கு முந்தைய பக்கத்தில் அதற்கான காரணம் படத்திலேயே தெரிய வேண்டும். ஏதாவது ஒரு பக்கத்திலாவது எழுத்து உணர்ச்சியின் பெயரைச் சொல்லாமல், படம் மட்டும் சொல்ல வேண்டும். பிள்ளையோடு பேச்சு தொடங்கும் இடம் அந்தப் பக்கம்தான். மூன்று வயதுக்குப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, ஐந்து வயதுக்கு நாலைந்து வரி. அதற்குமேல் போனால் பிள்ளையின் கண் படத்தில் நிற்காது.

கடைசிப் பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். கோபப்பட்ட பிள்ளை தண்டனை வாங்கி, மன்னிப்புக் கேட்டு, "இனிமே கோபப்பட மாட்டேன்" என்று முடியும் கதையானால் அப்படியே அலமாரியில் வைத்துவிடலாம். அடித்தது தப்பு என்று சொல்லலாம், கோபம் வந்ததே தப்பு என்று சொன்னால் அடுத்த தடவை பிள்ளை அதை ஒளித்துக்கொள்ளும். பயத்துக்கும் அப்படியே. "பயப்படாதே" என்று முடியும் புத்தகத்தைவிட, பயத்தோடு என்ன செய்தான் என்று காட்டும் புத்தகம் மேல்.

எங்கே கிடைக்கும்? சென்னையிலிருந்து 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகம் தமிழ், மலையாளம் உட்பட 9 மொழிகளில் படப்புத்தகம் போடுகிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து வீடுகளில் அம்மாவுக்குத் தமிழும் பாட்டிக்கு மலையாளமும் வாசிக்க வரும் என்றால், ஒரே கதையை இரண்டு மொழியிலும் வாங்கி வைப்பது நல்ல யோசனை. படம் ஒன்றே என்பதால் பிள்ளைக்கு எந்தக் குழப்பமும் வராது. நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புஸ்தகாலயா வரிசையில் விலை குறைவு. பழைய படைப்புகளில் ஓவியத் தரம் ஏறி இறங்கும், எனவே பார்த்து வாங்குங்கள். பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்களிலும் படக்கதைகள் உண்டு. காசு போடுவதற்கு முன் நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர் பகுதியைப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். வீட்டில் ஒரு வாரம் வைத்து வாசித்துப் பார்த்து, பிள்ளை திரும்பக் கேட்ட புத்தகத்தை மட்டும் சொந்தமாக வாங்கலாம்.

இலவசம் என்றால் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய இணைய நூலகம் அது. தமிழில் ஏராளமான கதைகள், நிலை 1 முதல் நிலை 4 வரை பிரித்திருக்கிறார்கள், திறந்த உரிமத்தில் இருப்பதால் தாராளமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். மூன்று, நாலு வயதுக்கு நிலை 1 சரி. ஐந்து, ஆறு வயதுக்குப் பெரியவர் வாசித்துக் காட்டுவதானால் நிலை 2. யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்ற ஏற்பாடு இருப்பதால் தமிழ் நடை எல்லாக் கதையிலும் ஒன்றுபோல் இருக்காது. பிள்ளை முன்னால் உட்காருவதற்கு முன் ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கும் இடம் பிள்ளைக்கும் தடுக்கும். அந்தத் தளத்திலேயே கணக்குத் தொடங்கி, கதையை நம் வார்த்தையில் மாற்றி எழுதி வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. வீட்டில் "சங்கடமா இருக்கு", "வெப்ராளமா இருக்கு", "அவன்கூட பிணக்கம்" என்று பேசுகிற பிள்ளைக்கு அந்தச் சொற்களையே புத்தகத்திலும் போட்டுவிடலாம்.

போனில் காட்ட வேண்டாம். படம் சின்னதாகி, முதலில் காணாமல் போவது புருவம்தான். அச்சிடும்போது பிரிண்ட் செட்டிங்கில் புக்லெட் என்பதைத் தேர்ந்து, ஏ4 தாளில் இரு பக்கமும் எடுத்தால் ஒரு தாளுக்கு நாலு பக்கம் கிடைக்கும். 16 பக்கக் கதைக்கு நாலு தாள், நடுவில் மடித்து இரண்டு ஸ்டேபிள் பின். பின்னின் மடங்கிய முனை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு இருந்தால் பிள்ளையின் விரலைக் கீறும், மேலே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். மொத்தப் பக்கம் நாலால் வகுபடாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் விழும். பிள்ளையே ஒரு முகம் வரைய அதை விட்டுவிடலாம். கறுப்பு வெள்ளையில் எடுப்பதானால் முகத்தின் நிறத்தை வைத்துக் கதை சொல்லும் புத்தகத்தைத் தவிர்த்துவிடுங்கள், எல்லாம் சாம்பலாகிவிடும். எழுதியவர், வரைந்தவர் பெயருள்ள கடைசிப் பக்கங்களை வெட்டக் கூடாது, உரிமத்தின் நிபந்தனையே அதுதான்.

கடல் வரும் கதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. குளச்சல், தூத்தூர், மணக்குடி போன்ற ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடல் என்பது லீவு நாள் மணல் வீடு அல்ல. அப்பா தங்கல் தொழிலுக்கு, அதாவது கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போனால் வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். 2004 சுனாமியையும் 2017 ஒக்கிப் புயலையும் இன்றைய நாலு வயசுப் பிள்ளைகள் பார்க்கவில்லை, ஆனால் வீட்டுப் பேச்சில் அவை இருக்கின்றன. இந்த ஊர்களில் புயல் கதையோடு தொடங்காதீர்கள். காத்திருப்பதைப் பற்றிய கதை நல்ல தொடக்கம், அது பஸ்ஸுக்குக் காத்திருப்பதாக இருந்தாலும் சரி. பிள்ளையே கடலைக் கொண்டுவந்தால் பேசலாம்.

வாசிக்கும் முறை: முதல் தடவை நிறுத்தாமல் முழுக் கதையும். கதை எங்கே போகிறது என்று தெரியாமல் நடுவில் கேள்வி கேட்டால் பிள்ளைக்கு எரிச்சல்தான் வரும். இரண்டாம் தடவை, மறுநாள் என்றாலும் சரி, இரண்டே பக்கத்தில் நிறுத்துங்கள். "இவன் எப்படி இருக்கான், சொல்லு" என்பது பரீட்சைக் கேள்வி. "மக்களே, இவன் புருவம் எங்க போச்சு பாரு. முன்னாடி என்ன நடந்துச்சு?" என்று கேட்டால் பிள்ளை பக்கத்தைப் பின்னால் புரட்டும். அந்தப் புரட்டல் வந்துவிட்டால் போதும், அடுக்களைக்குப் போகலாம்.

சாப்பாட்டு முகத்துக்கு விற்கும் சாமான்களில் பாதி தேவையில்லாதது. சிரிப்பு முகம் வார்த்த சிலிக்கான் அச்சு, முக வடிவ குக்கீ கட்டர் எதுவும் வேண்டாம். முகம் அச்சிலேயே முடிவாகிவிட்டால் பிள்ளை முடிவு செய்ய ஒன்றுமில்லை. மோதக அச்சும் இதற்கு உதவாது. ஒரு ஸ்பூனின் காம்பு, ஐஸ் குச்சி, பாட்டில் மூடி போதும். ஈர்க்குச்சி வேண்டாம். கோடு போட வசதிதான், ஆனால் முனை ஒடிந்து மாவுக்குள் தங்கினால் தொண்டையில் குத்தும்.

இரண்டு பிள்ளைகளுக்கான அளவு: வறுத்த இடியாப்ப மாவு 1 கப், சுமார் 150 கிராம். தண்ணீர் ஒன்றே கால் கப், கூடவே கால் கப் தண்ணீர் கொதிக்க வைத்துத் தனியாக. உப்பு கால் ஸ்பூன், தேங்காய் எண்ணெய் 1 ஸ்பூன். தண்ணீரில் உப்பும் எண்ணெயும் போட்டுத் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, மாவைக் கொட்டி, மரக்கரண்டிக் காம்பால் கிளறி, 5 நிமிடம் மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டில் பெரியவர்தான் பிசைய வேண்டும். வெளியே ஆறியதுபோல் இருக்கும், நடுவில் சூடு நிற்கும். அதனால் பிசைந்து முடித்த மாவைத்தான் பிள்ளை கையில் தர வேண்டும். எலுமிச்சை அளவில் 9, 10 உருண்டை வரும். ஆளுக்கு இரண்டு முகம், மீதி புருவத்துக்கும் வாய்க்கும், இரண்டு உருண்டை முகமில்லாத வெறும் கொழுக்கட்டைக்கு. அது எதற்கு என்று பின்னால் வருகிறது.

மாவு வெடிக்கிறதா? மூன்றில் ஒன்று காரணம். தண்ணீர் கொதி வருவதற்குள் மாவைக் கொட்டியிருப்பீர்கள். அல்லது புட்டு மாவைப் பயன்படுத்தியிருப்பீர்கள், அது கரகரப்பாக இருப்பதால் இழுவை வராது. அல்லது பிள்ளை மெல்ல மெல்ல உருட்டிக்கொண்டிருக்கும்போது மேல்பக்கம் காய்ந்திருக்கும். கடைசிக் காரணம்தான் அதிகம். ஈரத்துணியால் மூடி, ஒரு தடவைக்கு ஓர் உருண்டை மட்டும் வெளியே எடுங்கள். வெடித்த மாவில் தனியாக வைத்த வெந்நீரை ஒரு ஸ்பூன் தெளித்துப் பிசைந்தால் சரியாகிவிடும். பச்சைத்தண்ணீர் தெளித்தால் பிசுபிசுப்பு கூடும், விரிசல் போகாது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு வாழையிலை. அதன்மேல் உருண்டையைத் தட்டி, 1 சென்டிமீட்டர் கனத்தில், 7 சென்டிமீட்டர் அகலத்தில் வட்டமாக்க வேண்டும். கனம் கூடினால் நடு வேகாது, குறைந்தால் எடுக்கும்போது பிய்யும். வாயைக் கீறுவதானால் 3 மில்லிமீட்டர் ஆழமாவது போக வேண்டும். மேலோட்டமாகப் போட்ட கோடு வேகும்போது மாவு உப்பி மூடிக்கொள்ளும், சிரித்த முகம் வாயில்லாமல் வெளியே வரும். கண்ணுக்கும் புருவத்துக்கும், வறுத்துப் பொடித்த கறுப்பு எள் 1 ஸ்பூனை ஓர் உருண்டை மாவில் பிசைந்தால் நல்ல கறுப்பு வரும். ஒட்டும் இடத்தில் விரலால் ஒரு பொட்டுத் தண்ணீர் தடவினால் விழாது. மிளகைக் கண்ணாக வைக்கும் பழக்கம் உண்டு. கடித்த பிள்ளை அடுத்த தடவை கொழுக்கட்டையே வேண்டாம் என்று சொல்லும்.

புருவம் வைக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள். முகத்தில் கண்ணையும், நேர்கோடாக ஒரு வாயையும் மட்டும் வைத்து, எள் மாவில் திரித்த இரண்டு புருவத்தைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். உள்முனையைக் கீழே இறக்கினால் ஒரு முகம், மேலே தூக்கினால் இன்னொரு முகம், இரண்டையும் நெற்றிக்கு உயர்த்தினால் வேறொரு முகம். வாயைத் தொடவே இல்லை. பிள்ளை உடனே தன் புருவத்தையும் அப்படி ஆட்டிப் பார்க்கும். எந்த அட்டையாலும் செய்ய முடியாதது இது, ஏனென்றால் அட்டையில் புருவம் நகராது. புத்தகத்தில் நிறுத்திய பக்கத்தை எதிரே திறந்து வைத்து, "அவனுக்கு அப்போ எப்படி இருந்துச்சோ அப்படி வை" என்று மட்டும் சொல்லுங்கள்.

அவிப்பதற்கு இட்லிக் குழி வேண்டாம். குழியில் வைத்தால் முகம் வளைந்து, வாய் விரிந்து, கோபக்காரன் சிரிக்கத் தொடங்குவான். தட்டையான தட்டில், இலையோடு அப்படியே வைக்க வேண்டும். ஆவி வந்தபின் 10 முதல் 12 நிமிடம். மூடிக்கு உள்பக்கம் ஒரு துணியைக் கட்டுங்கள், துணியின் நுனிகளை மூடிக்கு மேலே முடிந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூடியில் தேங்கும் தண்ணீர் சொட்டி, வாயிலும் கண்ணிலும் குளம் கட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பிள்ளை கதையைத் தன் வாயால் சொல்லட்டும், நேரம் கச்சிதமாகப் பொருந்தும்.

நிறத்தில் பலரும் ஏமாறுவது பீட்ரூட். மாவில் பிசையும்போது அருமையான சிவப்பு, அவித்து எடுத்தால் மங்கிப் பழுப்பு. சூடு அந்த நிறத்துக்கு ஆகாது. சிவந்த கன்னம் வேண்டுமானால் அவித்த பிறகு, அரைத்து வடித்த கெட்டிச் சாற்றை விரலால் தொட்டு வையுங்கள். மஞ்சள் சூட்டைத் தாங்கும், ஓர் உருண்டைக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் போட்டால் கசக்கும். வேலியில் பூக்கும் சங்குப்பூ பத்தைக் கால் கப் வெந்நீரில் ஊறவைத்தால் நீலம், அதில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதா. ஆனால் கோபத்துக்குச் சிவப்பு, சங்கடத்துக்கு நீலம் என்று நாமே கட்டிக்கொடுக்க வேண்டாம். பிள்ளை பச்சை முகத்தைச் சந்தோஷம் என்றால் அது பச்சைச் சந்தோஷம்.

மாவு பிசைய நேரமில்லாத நாளுக்கு ஏத்தன் பழம் (நேந்திரம் பழம்) இருக்கிறது. வடசேரிச் சந்தையிலோ மார்த்தாண்டத்திலோ வாங்கும்போது தோல் முழுக்க மஞ்சளாகி, கறுப்புப் புள்ளி விழத் தொடங்கிய பழமாகப் பாருங்கள். தோலோடு 8 முதல் 10 நிமிடம் அவித்து, நீளவாக்கில் கீறி, வளைந்த துண்டுகளாக வெட்டினால் மேல் வளைவு, கீழ் வளைவு வாய் தயார். அவிக்காத பழம் பிள்ளை முகத்தைச் செய்து முடிப்பதற்குள் கறுத்துப்போகும், அவித்தது அவ்வளவு சீக்கிரம் கறுக்காது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டிப் பழம் தின்பதற்குத்தான் ராஜா. இந்த வேலைக்குச் சின்னது, குழைந்துவிடும். ஒட்டுவதற்குத் தேன் தொட்டுக்கொள்ளலாம், ஆனால் ஒரு வயது ஆகாத தம்பி தங்கை பக்கத்தில் இருந்தால் தேனை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்த வயதில் தேன் ஆபத்து.

அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவிலும் முகம் செய்யலாம். அதில் வெல்லம் ஏற்கெனவே சேர்ந்திருப்பதால் கருப்பட்டி போட வேண்டாம். மாவைச் சிறுதீயில் வாசம் வரும்வரை வறுத்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகத் தெளித்து உருட்ட வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் களியாகிவிடும். பழுப்பு நிறம் என்பதால் எள் புருவம் தெரியாது, தேங்காய்த் துருவலை வைத்தால் பளிச்சென்று தெரியும்.

அருவருப்புக்கு முகம் செய்ய வேண்டியதே இல்லை, கண்ணாடி போதும். நெல்லிக்காயைக் கொட்டை நீக்கி, பாதி விரல் நக அளவுக்கு மெல்லியதாகச் சீவி, பிள்ளையின் நாக்கில் வைத்துக் கண்ணாடியை நீட்டுங்கள். மூக்கு சுருங்கி, மேலுதடு ஏறி, கண் இடுங்குவதைத் தானே பார்க்கும். ஆறு அடிப்படை முகபாவங்களில் பிள்ளைகள் கடைசியாகப் பெயர் சொல்லப் பழகுவது இது. நாக்கு வழியாகப் போனால் எளிதாகப் பிடிபடும். வேண்டாம் என்ற பிள்ளையின் வாயில் திணிக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறோம்.

தொண்டையில் அடைக்கும் பொருட்கள் இந்த வேலையின் பெரிய ஆபத்து. முந்திரிப் பருப்பு சிரித்த வாய்க்கென்றே வார்த்ததுபோல் இருக்கும், இந்த மாவட்டத்தில் எளிதில் கிடைக்கவும் செய்யும். ஐந்து வயதுக்குக் கீழே முழு முந்திரி, நிலக்கடலை, முழுத் திராட்சை, தேங்காய்க் கீற்று எதையும் வைக்காதீர்கள். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்ட வேண்டும், குறுக்கே வெட்டினால் மூச்சுக்குழாயை அடைக்கும் அதே வட்டம்தான் மிஞ்சும். முந்திரி, நிலக்கடலை, எள் மூன்றும் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாது. நாலு வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துச் செய்யும்போது முதலில் அம்மாக்களிடம் கேட்டுவிடுங்கள். எள் ஆகாதென்றால் புருவத்துக்குக் கருப்பட்டிப் பாகு சேர்த்த மாவு, நிறம் சற்று வெளிறினாலும் வேலை நடக்கும்.

பிள்ளைகள் பக்கத்திலிருந்து வரும் சிக்கல்களும் உண்டு. எல்லா முகத்தையும் சிரித்த முகமாகவே செய்யும் பிள்ளை இருக்கும். திருத்தாதீர்கள், அடுத்த கதையில் மாறும். கோப முகத்தை ஒரே அடியில் நசுக்கிவிடும் பிள்ளை இருக்கும், மாவுதானே, மறுபடி உருட்டலாம். அவித்து எடுத்த முகத்தைத் தின்ன மறுத்து அழும் பிள்ளையும் இருக்கும், "கண்ணை எப்படிக் கடிக்க?" என்று கேட்கும். அதற்குத்தான் அந்த வெறும் கொழுக்கட்டை. முகத்தை வைத்துக்கொள்ளட்டும், வெறும் கொழுக்கட்டையைத் தின்னட்டும். "அழாம இருந்தா ரெண்டு தருவேன்" என்று மட்டும் பேரம் பேசாதீர்கள். பலகாரம் வாங்குவதற்காக அழுகையை விழுங்கப் பழகிவிட்டால் இத்தனை பாடும் வீண்.

பிள்ளை கத்திப் புரண்டு அழும் நேரத்தில் புத்தகத்தையோ மாவையோ எடுத்துக்கொண்டு போகக் கூடாது. அப்போது காதில் ஒன்றும் ஏறாது. வயிறு நிறைந்து, தூக்கமும் இல்லாத காலை நேரம் இதற்குத் தோது. நாலு வயதுக்கு 8 நிமிடம் புத்தகம், 15 நிமிடம் மாவு, அதற்குமேல் இழுக்க வேண்டாம். முகம் செய்துகொண்டே பிள்ளை வீட்டில் அடி விழுவதையோ, யாரோ தொடுவதையோ சொன்னால் கதையை அங்கேயே விட்டுவிட்டுக் காது கொடுங்கள். துருவித் துருவிக் கேள்வி கேட்காமல், சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்கலாம்.

ஆறு வயதாகிவிட்டால் புட்டுக் குழலை எடுக்கலாம். எதிரெதிரான இரண்டு உணர்ச்சி ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்பது சின்ன வயதில் பிடிபடாது. ஸ்கூல் முதல் நாளில் சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்ததைப் பற்றிக் கேட்டால், ஏதாவது ஒன்றைத்தான் சொல்வார்கள். வெள்ளை அரிசிப் புட்டு மாவு ஓர் அடுக்கு, கேழ்வரகுப் புட்டு மாவு ஓர் அடுக்கு, நடுவில் தேங்காய்த் துருவல். எந்த அடுக்கு எந்த உணர்ச்சி, எது எவ்வளவு உயரம் என்று பிள்ளையே முடிவு செய்து குழலை நிரப்பட்டும். கேழ்வரகு மாவுக்கு அரிசி மாவைவிடக் குறைவாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும், பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிர வேண்டும். ஈரம் கூடினால் அந்த அடுக்கு கட்டியாகி ஆவியை மேலே விடாது, மேலடுக்கு வேகாமல் பச்சை மாவாக நிற்கும். ஆவி மேலே வந்தபின் 5 நிமிடம், குழலைத் தள்ளுவது பெரியவர் வேலை.

பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப்போட வேண்டாம். புருவம் வரைந்த அட்டைகளை மட்டும் பொறுக்கி எடுங்கள், நாலைந்து தேறும். வாசித்து முடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையில் அவற்றைச் செருகி, எந்தப் பக்கத்துக்கு எந்த முகம் என்று பிள்ளையைத் தேடச் சொல்லலாம். போஸ்டரின் பின்பக்கம் வெள்ளையாகவே இருக்கும், அவிக்கப் போட்ட முகங்களை வரைந்துவைக்க அது உதவும்.